நாக்கில் படாத உப்பு

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அண்ணனின் ஒரே தங்கை. வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதியவள் என்பதால், இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பை அண்ணியும் பிள்ளைகளும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அடுத்தவர் கட்டுரையைத் திருத்தித்தான் பழக்கம். பிழை கண்ணில் பட்டால் சிவப்பு மையில் சுழித்துவிட்டு மேலே படியுங்கள்.

அண்ணன் பிறந்தது சாந்தோமில், கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில் இருந்த ஓட்டு வீட்டில். அப்பா பங்குக் கோயில் பள்ளியில் ஆசிரியர். அப்பாவின் அப்பாவும் அதே பள்ளியில் ஆசிரியர். எங்கள் குடும்பத்தில் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயர் வைப்பதற்கு முன்பே வேலையை வைத்துவிடுவார்கள். அண்ணனும் மறுபேச்சில்லாமல் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார், தேறினார். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் அவருக்குக் கடைசிவரை தகராறு. பயிற்சியின்போது ஒரு வகுப்பில் ஏழெட்டு எவ்வளவு என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்க, அண்ணன் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவின் பள்ளியில் அடுத்த ஜூன் மாதம் ஓர் இடம் காலியாக இருந்தது. அது அண்ணனுக்கு என்று எழுதாமலே எழுதி வைத்த இடம். அறுபதுகள் முடியப் போகும் நேரம் அது. வேலையில் சேரப் போகும் மகன் நல்ல பேனா வைத்திருக்க வேண்டும் என்று அப்பா அண்ணனைப் பாண்டி பஜாருக்கு அனுப்பினார். அண்ணன் பேனாக் கடைக்குப் போகுமுன் ஒரு காபி குடிக்கலாம் என்று, பனகல் பூங்கா பக்கம் ஒரு சைவ ஓட்டலில் நுழைந்தார். கூட்டத்தில் கிடைத்த இடம், அடுக்களைக் கதவை ஒட்டிய மேசை.

கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே ஐந்து அடுப்புகள் ஒரே வரிசையில் எரிவது தெரிந்தது. ஒவ்வொரு அடுப்புக்கும் ஓர் ஆள். தோசைக்கல்லில் ஒருவர் பன்னிரண்டு தோசைகளை ஒரே நேரத்தில் ஊற்றி, எந்தத் தோசை எந்த மேசைக்கு என்று எழுதி வைக்காமல், வெளியிலிருந்து சப்ளையர்கள் சத்தம் போட்டுச் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே மடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் மீது ஒருவர் இடிக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. அண்ணன் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போய், இன்னொன்று வாங்கி அதுவும் ஆறிவிட்டது. பேனா வாங்காமல் வீட்டுக்கு வந்தவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "கோயில்ல சாமியார் பூசை உடுப்பு மாத்துற திருப்பண்ட அறைக் கதவு திறந்திருந்தா எட்டிப் பார்ப்போம்ல, அந்த மாதிரி இருந்துச்சு."

இரண்டு வாரம் கழித்து அதே ஓட்டலுக்குப் போய் வேலை கேட்டார். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அன்று இட்லிக் கொப்பரைக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. "சமைக்கத் தெரியுமாவே?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாது. நிக்கத் தெரியும்" என்றிருக்கிறார் அண்ணன். இட்லிக் கொப்பரைக்கு அதுவே போதும் என்று முதலாளி உள்ளே அனுப்பிவிட்டார்.

வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். எங்கள் தெருவில் அன்று விடுமுறை எடுத்துக்கொண்டு கேட்டவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். கடைசியில் அப்பா குரலை இறக்கி, வகுப்பில் தண்டனை சொல்லும் தோரணையில் சொன்னார்: "ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன். அதுக்குள்ள உனக்குன்னு ஓர் அடுப்பு நிரந்தரமா கிடைச்சா அது உன் வழி. இல்லேன்னா ஜூன்ல என்கூடப் பள்ளிக்கூடத்துக்கு வர்றே. அப்புறம் ஓட்டல் பேச்சே எடுக்கக் கூடாது." அண்ணன் சரி என்றார். அண்ணன் ஒரு வார்த்தை கொடுத்தால் அது கல்வெட்டு. ஆகவே ஈஸ்டர் வரை எனக்கும் தூக்கம் இல்லை.

பொழுது விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாகத் தியாகராய நகர் போவார். தவக்காலம் தொடங்கியது. எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் ஒருசந்தி, அதாவது ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. ஊருக்கெல்லாம் டிபன் போடும் இடத்தில் நின்றுகொண்டு அண்ணன் மத்தியானம் இரண்டு மணி வரை ஒன்றும் தொடமாட்டார். இதை ஓட்டலில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

தவக்காலத்தின் மூன்றாவது வாரம், சாம்பார் அடுப்பில் நின்றவர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. முதலாளி அண்ணனை இட்லிக் கொப்பரையிலிருந்து சாம்பார் அடுப்புக்கு நகர்த்தினார். இட்லியைப் பார்த்துக்கொள்ள யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். சாம்பார் அடுப்பு கிடைத்தவன் அந்த வரிசையில் ஓர் ஆள் என்று அர்த்தம். அண்ணன் ஓட்டலில் கிடைக்கும் நேரமெல்லாம் அந்த அடுப்பைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துப் பழகியிருந்தார். முதல் நாள் காலை, அண்டா கொதித்து இறக்கும் பக்குவம் வந்தது. எங்கள் அம்மா எப்படிச் செய்வாரோ, அப்படியே கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

அடுக்களை நின்றுபோயிற்று. தோசைக்கல்லில் தோசை கருகும் வாசனை வந்ததாம், அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் சாம்பார் இறங்கியதும் ஒரு கரண்டியை இரண்டு இட்லியோடு தனியாக எடுத்து, அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கும் பிள்ளையார் படத்துக்குப் படைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். பின்சுவரில் காக்கைக்கு ஒரு விள்ளல் வைப்பார்கள். அதற்குமுன் எந்தப் பண்டமும் மனித நாக்கில் படக் கூடாது. சமைப்பவர்கள் உப்பை வாசனையிலும் கொதியிலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை யாரும் அண்ணனுக்குச் சொல்லியிருக்கவில்லை. தெரியாத ஒருவன் இருப்பான் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. இட்லிக் கொப்பரையில் ருசி பார்க்க ஒன்றுமில்லை என்பதால் அதுவரை வெளிச்சத்துக்கு வரவுமில்லை.

சாம்பார், பொரியல், கூட்டு எல்லாவற்றுக்கும் பொறுப்பான சரக்கு மாஸ்டர் மயிலாப்பூர்க்காரர். மாடவீதியில் வீடு. அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அண்ணனைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார்: "சுவாமிக்கு இன்னும் காட்டலை. அதுக்குள்ள எச்சில் பண்ணிட்டான். இவன் நிக்கற அடுப்பண்ட என்னால நிக்க முடியாது. நான் ஆத்துக்குப் போறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போயே போய்விட்டார்.

வெளியே மாம்பலம் ரயிலுக்குப் போகிற கூட்டம் மேசைக்கு மேசை உட்கார்ந்திருந்தது. முதலாளி அண்டாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. "என்னவே இப்படிப் பண்ணிட்டீரே. சாமிக்குக் காட்டாம ஒரு நாக்குல பட்டத நான் எப்படி நாலு பேருக்கு ஊத்துவேன்?" என்றார். அண்டாவை இறக்கித் தெருமுனை ரிக்‌ஷா நிறுத்தத்தில் கொடுத்துவிடச் சொன்னார். தோய்த்துச் சாப்பிட ஒன்றுமில்லாமல் ஓர் அண்டாச் சாம்பார் வந்ததும் ரிக்‌ஷாக்காரர்கள் பக்கத்து டீக்கடையில் இருந்த பன் முழுவதையும் வாங்கிவிட்டார்களாம்.

அதன்பின் முதலாளி சொன்னார்: "வேற ஆளு இல்ல. நீரே திரும்ப வையும். நாக்குல வைக்காம வையும். சாமிக்குக் காட்டிட்டு ஊத்துவோம். சனங்க முகத்தச் சுளிச்சா சாயந்தரம் சைக்கிள எடுத்துட்டு வீட்டுக்குப் போயிரும், இனி வர வேண்டாம்."

அண்ணனின் ஜூன் மாதம் முழுவதும் அந்த அண்டாவுக்குள் இறங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்காக வேக வைத்திருந்த பருப்பை எடுத்துக்கொண்டார். புளி கரைத்தார், காய் போட்டார், பொடி போட்டார். உப்பு வந்ததும் கை நின்றுவிட்டது. முந்தைய அண்டாவுக்கு எத்தனை கை போட்டோம் என்பதும் பதற்றத்தில் மறந்துபோயிற்று. கேட்பதற்கு மாஸ்டர் இல்லை. மற்ற நான்கு அடுப்புக்காரர்களும் முதுகைக் காட்டி நின்றார்கள்.

அப்போது அண்ணனுக்கு என் முகம்தான் ஞாபகத்துக்கு வந்ததாம். இதைச் சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்க இருந்த நாள் அது. அந்தக் காலத்தில் நற்கருணை வாங்குவதற்குமுன், நள்ளிரவிலிருந்தே ஒன்றும் சாப்பிடக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். வெள்ளைக் கவுன், பூமுடி எல்லாம் போட்டு நிறுத்தியிருந்தபோது, அம்மா பலகாரத்துக்கு உடைத்து வைத்திருந்த வெல்லத்தில் ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். திருட வேண்டும் என்று நினைக்கவேயில்லை. கை தானாகப் போயிற்று. அம்மா பார்த்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகப் பீடத்துக்குப் போக, நான் மட்டும் பூமுடியோடு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் வாங்கினேன். நான் பெஞ்சில் அழுத அன்று அண்ணனும் நன்மை வாங்க எழுந்து போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அண்டா முன்னால் நின்றபோது அண்ணனுக்கு அந்தப் பெஞ்சு ஞாபகம் வந்தது. இவர்கள் என்னை வேறு ஆள் என்று ஒதுக்கவில்லை, நான் செய்தது தங்கை செய்ததுதான் என்று புரிந்ததாம். புரிந்ததும் பயம் போய்விட்டது. பிள்ளையார் படத்தைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உப்பில் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, ஆவிக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்தார்.

பிற்பாடு எத்தனையோ முறை எனக்கு இதை விளக்கியிருக்கிறார். உப்பு விழாத சாம்பாரில் புளி முன்னால் நின்று மூக்கை இடிக்கும். உப்பு விழ விழப் புளி ஒதுங்கி வழி விடும், பருப்பு முன்னுக்கு வரும், அதற்குப் பின்னால் காயும் பெருங்காயமும் வரும். எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். கேட்கும்போது எனக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கும். அடுப்பண்டை போய்க் குனிந்தால் எனக்குச் சாம்பார் வாசனை மட்டும்தான் வரும்.

கற்பூரம் காட்டினார்கள். காக்கையும் வந்து எடுத்துக்கொண்டது. வாளிகள் வெளியே போயின. அண்ணன் கதவிடுக்கில் நின்று முதல் மேசைக்காரர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் தினத்தாளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஏகாம்பரம் என்று ஒரு சப்ளையர், அண்ணன் வயதுதான், காலி வாளியோடு உள்ளே வந்து காதருகே சொன்னார்: "நைனா, உப்பு ஒரு சிட்டிகை கம்மியா கீது. ஒருத்தனும் கேக்கல, நான் சொல்றேன். நாக்குல வச்சிப் பாக்காமயா போட்ட? எப்டிப்பா?"

முதலாளி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அண்ணன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நடந்ததைக் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேதக்காரப் புள்ளைன்னுதானே இப்படிப் பண்ணாங்க? நீ ஏன் அங்க நிக்கணும்?" என்றார். அண்ணன் சொன்னார்: "இல்லம்மா. நன்மை வாங்குறதுக்கு முன்னாடி இவ வெல்லத்தை எடுத்துத் தின்னப்போ நீங்க என்ன பண்ணீங்க?" அப்பா தினத்தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாஸ்டர் திரும்பி வந்தார். பின்வாசல் படியிலேயே நின்றார். அண்டா அங்கிருந்து பத்தடி தூரம். "உப்பு போறாது. அவனண்ட சொல்லுங்கோ" என்று முதலாளியிடம் சொன்னார். அண்ணன் அரைக் கை போட்டார். மாஸ்டர் உள்ளே வந்து தம் இடத்தில் நின்றுகொண்டார். பத்தடி தூரத்திலிருந்து ஒரு மனிதர் உப்பைச் சொன்னதை அண்ணன் சாகும்வரை வியந்தார். "நான் குனிஞ்சு பார்க்கிறதை அவர் படியில நின்னு பார்த்துட்டாரு" என்பார்.

ஆனால் மாஸ்டர் அண்ணனோடு பேசவில்லை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "கத்திரிக்காய் இன்னும் வேகணும், அவனண்ட சொல்லுங்கோ" என்று முதலாளியிடமோ, முதலாளி இல்லாவிட்டால் சுவரிடமோ சொல்வார். முதலாளியும் அடுப்பு உமக்குத்தான் என்று சொல்லாமல் நாளைக் கடத்தினார். மாஸ்டர் சம்மதிக்காமல் அவர் எப்படிச் சொல்வார்? தவக்காலம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா காலண்டரில் நாளைக் கிழிக்கும் சத்தம் அடுத்த அறைக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் உரக்கவே கேட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வந்தது. பெரிய வியாழக்கிழமை காலை அண்ணன் சாம்பார் இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடினார். அப்போது முதல்முறையாக மாஸ்டர் நேராக அண்ணனிடம் பேசினார்.

"ஏண்டா, காலம்பற நீ ஒண்ணுமே சாப்பிடறதில்லையே. நானும் பார்த்துண்டேதான் இருக்கேன். உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். ஒருசந்தி."

"அப்படின்னா?"

"ஒரு நாளைக்கு ஒரு வேளை. தவக்காலம் முழுக்க."

"எத்தனை நாள்?"

"நாப்பது."

மாஸ்டர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "நாங்க ஒருபொழுதுன்னு சொல்லுவோம். நான் சனிக்கிழமை ஒரு நாள் இருந்துட்டு ஆத்துல எல்லாரண்டயும் எரிஞ்சு விழுவேன். நீ நாப்பது நாளா பட்டினியோட நின்னுண்டு ஊருக்குச் சமைக்கறே. அதை ஒருத்தரண்டயும் சொல்லவும் இல்லை" என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "அந்த அடுப்பு இவனுக்குத்தான். வேற ஆள் தேடாதீங்கோ" என்றார்.

அண்ணன் இதை வீட்டில் வந்து சொன்னபோது, அப்பா "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் ஈஸ்டர் முடிந்த மறுநாள், எங்கேயும் போகாத அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூன்று மணி நேரம் கழித்து வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வேலைக்கான விண்ணப்பத் தாளை மேசைமேல் வைத்து என்னைக் கூப்பிட்டார். நானும் அப்போது ஆசிரியர் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஆனால் எனக்கு யாரும் வேலை பார்க்கவில்லை, மாப்பிள்ளைதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீ எழுது. கையெழுத்து நல்லா இருக்கட்டும்" என்றார் அப்பா. நான் ஆசிரியை ஆனது இப்படித்தான். அன்றிலிருந்து அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

அப்பா அன்று எங்கே போனார் என்பது, எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணன் கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. ஏகாம்பரம் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர், அப்பாவைப் பார்த்ததும் வாளியோடு நின்றுவிட்டார். "சார், நீங்க நம்ம ஓட்டலுக்கு ஒரு தபா வந்துகிறீங்களே. கோட்டு போட்டுக்கினு, கொடை வச்சிக்கினு. ரெண்டு இட்லிக்கு மூணு தபா சாம்பார் கேட்டீங்க. யார் வச்சதுன்னு கேட்டீங்க. உள்ள ஒருத்தர் கீறாரு, நாக்குல வைக்காமயே உப்பு போடுவாருன்னு சொன்னேன். உங்களுக்குக் கண்ணு கலங்கிச்சி, காரம் ஜாஸ்தியோன்னு நான் தண்ணி கொணாந்து வச்சேன்." எந்த வீட்டு விருந்திலும் இரண்டாம் முறை என்று எதையும் கேட்டறியாத மனிதர் எங்கள் அப்பா. அவர் அப்போது பந்தல் காலை வெகு நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் மாப்பிள்ளைக் கோலத்தில் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு முறை. எழுபதுகளின் நடுவில் மாஸ்டர் உடல்நலமில்லாமல் வேலையை விட்டபின், அந்த இடத்துக்கு அண்ணன் வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து நானும் அம்மாவும் ஓட்டலின் பின்வாசலில் போய் நின்றோம். முகத்தில் அடிக்கும் அனல். ஐந்து அடுப்பு, ஏழெட்டுச் சப்ளையர்களின் குரல், பாத்திரச் சத்தம். நடுவில் அண்ணன், தோளில் துண்டோடு, அவசரமே இல்லாமல் நின்றிருந்தார். வீட்டில் அலமாரிச் சாவியைத் தினமும் தேடுகிற அண்ணனா இவர் என்று பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, "மூணாவது அடுப்பு, உப்பு இன்னும் விழல" என்றார். மூன்றாவது அடுப்பு அவருக்குப் பின்னால் இருந்தது. அங்கே நின்றவர் அண்டாவைப் பார்த்து, தலையில் தட்டிக்கொண்டு, உப்பை அள்ளினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் யார் பேசினது என்று முன்னால் நின்று பார்த்தே கண்டுபிடிக்க முடியாதவள் நான். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "இவனைப் போயி ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லி அழ வச்சோமே" என்றார்.

அதற்குப் பிறகு அடையாறில் ஓர் ஓட்டல், மயிலாப்பூரில் ஓர் ஓட்டல் என்று அண்ணன் பல அடுக்களைகளைப் பார்த்தார். சில இடங்களில் பிள்ளையாரும் இல்லை, கற்பூரமும் இல்லை, ருசி பார்க்கலாம். ஆனாலும் அண்ணன் நாக்கில் வைத்ததில்லை. சாப்பிட வருகிறவருக்கு முன்னால் சமைத்தவன் சாப்பிடக் கூடாது என்பது அவருக்கு அதற்குள் அவருடைய சொந்தச் சட்டம் ஆகிவிட்டது. வீட்டில் அண்ணியின் பாடு வேறு. செருப்பைக் கழற்றும்போதே "ரசத்துல உப்பு மறந்துட்டியே" என்று வாசலிலிருந்து குரல் வரும். "மூக்கைச் செருப்போட கழட்டி வச்சிட்டு உள்ள வாங்க" என்பார் அண்ணி.

கடைசி ஆண்டில் சிறுநீரகம் கெட்டு, மருத்துவர் உப்பை அறவே நிறுத்தச் சொன்னார். அண்ணிக்குத் துணையாக நான் போய் இருந்தேன். உப்பில்லாத கஞ்சியை அண்ணன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் குடிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் இரண்டு கல் உப்பு போட்டு எடுத்துப் போனேன். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர், நான் அறை வாசலைத் தாண்டுவதற்குள், "டீச்சர், இன்னைக்கும் வெல்லத்தைத் திருடிட்டியா?" என்றார். நான் அங்கேயே நின்று அழுதேன். அண்ணன் சிரித்தார், அந்தக் கஞ்சியைக் குடிக்க மறுத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் அண்ணி அடுக்களையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். தெரு முழுவதும் மணக்கிறது. அண்ணன் என்னிடம், "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டார். வெங்காய சாம்பார் என்றேன். "அப்படியா" என்றார். மருத்துவர் எங்களிடம் சொல்லத் தயங்கிய எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வி எனக்குச் சொல்லிவிட்டது. ஒன்பதாம் நாள் அண்ணன் அமைதியாக இறைவனிடம் போனார்.

அண்ணனைக் கடைசிவரை தாங்கிப் பிடித்த அண்ணிக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார், ஆனாலும் எழுதுகிறேன். இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கும் மருமகளுக்கும், வாரம் தவறாமல் வந்து நற்கருணை கொடுத்த பங்குத் தந்தைக்கும், ரத்தம் கொடுத்த அடையாறு ஓட்டல் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. ஏகாம்பரம் தாம் நடக்க முடியாத நிலையிலும் அடக்கத்துக்கு வந்து, பெட்டியின்மேல் ஒரு கை மண்ணோடு ஒரு கை உப்பையும் போட்டார். சாமியார் தடுக்கவில்லை. இருவருக்கும் நன்றி. மாஸ்டர் குடும்பத்திலிருந்து அவர் மகள் மாடவீதியிலிருந்து வந்திருந்தார். அவருக்கும்.

ஒரு செய்தி மட்டும் மீதி இருக்கிறது. இன்று பூசை முடிந்ததும் உங்களுக்குச் சாப்பாடு உண்டு. மற்றதெல்லாம் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் சமைக்கிறார்கள். சாம்பாரை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாக்கில் வைக்காமல்தான் வைக்கப் போகிறேன். எனக்கு அண்ணனின் மூக்கு கிடையாது, ஆவியில் குனிந்தால் ஒன்றும் தெரியாது. உப்பு கூடினாலோ குறைந்தாலோ டீச்சரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை சரியாக இருந்தால், என்னிடம் சொல்ல வேண்டாம். போகிற வழியில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நிமிடம் நின்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.